ஆட்டம், ரெஃப், ஏஜென்ட்: க்ளோஜரில் மாறும் நிலையை எதில் வைப்பது?

மதிப்புகள் மாறாதவை என்றால் ரேஸ் கண்டிஷனும், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள் ஒன்றோடொன்று மோதி வரும் பிழையும், வராது என்று ஃபங்ஷனல் மொழிகளுக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. க்ளோஜர் என்ற ஃபங்ஷனல் மொழியில் ஒரு மேப்பை (கீக்கு ஒரு மதிப்பு என்ற ஜோடிகளின் தொகுப்பு) ஆயிரம் திரெட்கள் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைத் தொடர்கள்) ஒரே நேரத்தில் படிக்கலாம். அதை யாராலும் மாற்ற முடியாது என்பதால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் இப்போது நடப்பில் இருக்கும் மேப் எது என்பது ஓடுகிற எந்த சர்வரிலும் மாறிக்கொண்டேதான் இருக்கும். சிக்கல் முழுவதும் அந்த ஒரு இடத்துக்கு வந்து சேர்கிறது.

ரிச் ஹிக்கி 2007-ல் வெளியிட்ட க்ளோஜர், இதற்கு மொழிக்குள்ளேயே மூன்று கருவிகளைத் தருகிறது: ஆட்டம் (atom), ரெஃப் (ref), ஏஜென்ட் (agent). மூன்றையும் பயன்படுத்தும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான். புதிய மதிப்பை நேரடியாகத் திணிப்பதற்குப் பதில், பழைய மதிப்பை வாங்கிப் புதியதைத் தரும் ஒரு ஃபங்ஷனைக் கொடுக்கிறீர்கள். அது எந்தத் திரெட்டில் ஓடும், எப்போது ஓடும், எத்தனை முறை ஓடும் என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

இவற்றை விளக்கும்போது வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள்: மாற்றம் உடனே நடக்க வேண்டுமா, பல இடங்கள் சேர்ந்து மாற வேண்டுமா? இரண்டும் சரியான கேள்விகள். ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: நீங்கள் கொடுத்த ஃபங்ஷன் இரண்டாவது முறை ஓடினால் என்ன கெடும்? உற்பத்திச் சூழலில் ஆளைப் படுத்தும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வருபவை என்பது என் கருத்து.

ஒரு முன்பதிவு சர்வர்

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பேருந்து முன்பதிவு சர்வரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பேருந்திலும் 40 இருக்கைகள். எந்த இருக்கை யாருக்கு என்பது மெமரியில் ஒரு மேப்பாக இருக்கிறது. பயணிகளுக்கு வாலெட் உண்டு; இருக்கை கிடைத்தால் பணம் கழிய வேண்டும், கிடைக்காவிட்டால் கழியக் கூடாது. பதிவு உறுதியானதும் எஸ்எம்எஸ் போக வேண்டும், அதுவும் ஒரே ஒரு முறை. இருக்கை ஒதுக்குவது ஒரு மதிப்பின் மாற்றம். இருக்கையும் பணமும் இரண்டு இடங்கள் சேர்ந்து மாறும் வேலை. எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டால் திரும்பப் பெற முடியாது.

ஆட்டம்

ஆட்டம் என்பது ஜாவாவின் அட்டாமிக்ரெஃபரன்ஸ் மேல் போர்த்திய மெல்லிய உறை. ஸ்வாப் என்று அழைத்தால் அது இப்போதைய மதிப்பைப் படிக்கும். உங்கள் ஃபங்ஷனை அதன் மேல் ஓட்டும். நான் படித்த அதே மதிப்பு இன்னும் அங்கே இருந்தால் மட்டும் புதியதை வை என்று கம்பேர்-அண்ட்-செட் செய்யும். இடையில் வேறொரு திரெட் மாற்றியிருந்தால் இந்த முயற்சி தோற்கும். உடனே புதிய மதிப்பைப் படித்து, ஃபங்ஷனை மறுபடி ஓட்டும். ஒருவர் முடிக்கும் வரை மற்றவரைத் தடுக்கும் லாக் இல்லை, அதனால் இருவர் ஒருவருக்காக ஒருவர் காத்துக்கொண்டே நிற்கும் டெட்லாக்கும் இல்லை. படிப்பவர்கள் ஒருபோதும் காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் வகைப் பிழை ஸ்வாப்புக்கு வெளியிலேயே நடந்துவிடுகிறது. ஆட்டத்தைப் படித்து, 12-ஆம் இருக்கை காலியா என்று வெளியே ஒரு இஃப் வைத்துப் பார்த்து, காலி என்றால் ஸ்வாப் செய்து பெயரை எழுதுகிறார்கள். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் இன்னொரு திரெட் அதே இருக்கையைப் பிடித்துவிட்டால், அதன் மேல் இவர் பெயர் ஏறிவிடும். ஸ்வாப் அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. காலியா என்ற சோதனை அதன் காவலுக்கு வெளியே இருந்ததுதான் தவறு. படித்த மதிப்பை வைத்து முடிவெடுத்து, ரீசெட் மூலம் புதியதை நேரடியாக வைப்பதும் இதே பிழையே. முடிவு பழைய மதிப்பைச் சார்ந்தது என்றால், அந்த முடிவெடுக்கும் சோதனையும் ஃபங்ஷனுக்குள் வர வேண்டும்: இருக்கை காலி என்றால் பெயரைச் சேர்த்த மேப், இல்லையென்றால் வாங்கிய மேப்பே அப்படியே.

அப்படி எழுதியதும் இன்னொரு கேள்வி வரும். எனக்கு இருக்கை கிடைத்ததா, இல்லையா? ஸ்வாப் புதிய மேப்பை மட்டும் தரும். அதில் 12-ஆம் இருக்கையில் என் பெயர் இருந்தாலும், இப்போது கிடைத்ததா அல்லது இதே கோரிக்கை ஏற்கெனவே ஒரு முறை வந்து போனதா என்று சொல்ல முடியாது. க்ளோஜர் 1.9-ல் 2017-இன் இறுதியில் சேர்ந்த ஸ்வாப்-வேல்ஸ் இதற்கான விடை. பழையது, புதியது இரண்டையும் ஒரு ஜோடியாகத் தரும். பழையதில் காலி, புதியதில் என் பெயர் என்றால் நான்தான் பிடித்தேன். எஸ்எம்எஸ் அனுப்பும் முடிவை இந்த ஜோடியைப் பார்த்து, ஸ்வாப் முடிந்த பிறகு, வெளியே எடுக்கலாம். சின்னச் சேர்க்கைதான், ஆனால் ஆட்டத்தைக் கொண்டு செய்யக்கூடியவற்றின் எல்லையை அது நன்றாகவே விரித்துவிட்டது. அதற்கு முன்பு கம்பேர்-அண்ட்-செட் சுழற்சியைக் கையால் எழுத வேண்டியிருந்தது. அதில் ஒரு பொறியும் உண்டு: அந்த ஒப்பீடு மதிப்பைப் பார்க்காது, அதே ஆப்ஜெக்டா என்றுதான் பார்க்கும். சம மதிப்புள்ள வேறொரு மேப்பைப் புதிதாகக் கட்டிக் கொடுத்தால் எப்போதும் தோற்கும். 127-க்கு மேற்பட்ட முழு எண்களிலும் இது நேரலாம், ஏனென்றால் ஜாவா அவற்றை வேறுவேறு ஆப்ஜெக்டுகளாக உருவாக்கிவிடக்கூடும்.

இரண்டாவது பிழை, எஸ்எம்எஸ் அனுப்பும் வரியை ஸ்வாப்பின் ஃபங்ஷனுக்குள் எழுதுவது. சோதனையில் ஒரு ஆள் மட்டும் பதிவு செய்வார். ஒரு எஸ்எம்எஸ்தான் போகும். பண்டிகைக் கால டிக்கெட் திறக்கும் நிமிடத்தில் பலர் மோதும்போது ஃபங்ஷன் மறுபடி மறுபடி ஓடும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு எஸ்எம்எஸ் போகும். அதைவிட மோசமாக, முதல் ஓட்டத்தில் இருக்கை காலி என்று பார்த்து உறுதிச் செய்தியை அனுப்பிவிட்டு, இரண்டாவது ஓட்டத்தில் இருக்கை போய்விட்டது என்று விட்டுவிடலாம். பயணியின் கையில் உறுதிச் செய்தி இருக்கும், இருக்கை இருக்காது.

மூன்றாவது விஷயம் பிழை இல்லை, செலவு. எட்டுத் திரெட்கள் ஒரே கணத்தில் ஸ்வாப்பைத் தொடங்குகின்றன, ஃபங்ஷன் 50 மில்லிநொடி எடுக்கிறது என்று வையுங்கள். முதல் சுற்றில் ஒன்று வெல்லும், ஏழு தோற்கும். அடுத்த சுற்றில் ஆறு தோற்கும். எட்டு மாற்றங்களுக்கு மொத்தம் 36 ஓட்டங்கள். ஒவ்வொன்றாக வரிசையில் நின்றிருந்தால் எட்டே போதும். ஆன நேரமும் அதே 400 மில்லிநொடிதான். அப்புறம், இதில் முறை வைத்து இடம் தருவது கிடையாது. மெதுவான ஃபங்ஷன் ஒன்று, வேகமான பலவற்றோடு மோதினால் தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருக்கலாம். ஆட்டத்துக்கான ஃபங்ஷன் மைக்ரோநொடிகளில் முடிய வேண்டும். கனமான கணக்கு தேவைப்பட்டால் அதை வெளியே முடித்துவிட்டு, முடிவைச் சேர்ப்பதை மட்டும் ஸ்வாப்புக்குள் வைக்க வேண்டும்.

கணக்கு கனமானது, ஆனால் ஒரு கீக்கு ஒரே முறைதான் நடக்க வேண்டும் என்ற கேச் (கணக்கிட்டதைச் சேமித்து வைக்கும் இடம்) போன்ற இடங்களில் எனக்குப் பிடித்த வழி டிலே: முதல் முறை திறக்கும்போது மட்டும் ஓடும் கணக்கு. கணக்கை ஒரு டிலேயில் சுற்றி, கீ இல்லாவிட்டால் மட்டும் அந்த டிலேயை மேப்பில் சேர்க்கிறோம். ஸ்வாப் எத்தனை முறை ஓடினாலும் நகர்வது சுற்றிய பொட்டலம் மட்டுமே. பிறகு மேப்பில் நிலைத்த டிலேயை எல்லோரும் திறக்கிறார்கள்; கணக்கு ஒரு முறை நடக்கும், மற்றவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். தோற்ற டிலேக்கள் திறக்கப்படாமலே குப்பைக்குப் போகும். கவனிக்க வேண்டியது ஒன்று: கணக்கு எக்ஸெப்ஷனில், அதாவது பிழையில், முடிந்தால் டிலே அந்த எக்ஸெப்ஷனையே நினைவில் வைத்துத் திரும்பத் திரும்ப எறியும். அதனால் தோற்ற கீயை மேப்பிலிருந்து நீக்கும் வழியையும் சேர்த்தே எழுத வேண்டும்.

சரி, இருக்கையும் வாலெட்டும்? இங்கேதான் பலர் அவசரப்பட்டு இரண்டு ஆட்டங்கள் வைக்கிறார்கள். ஒன்றை மாற்றி, அடுத்ததை மாற்றுவதற்குள் இன்னொரு திரெட் படித்தால், இருக்கை போய்ப் பணம் கழியாத ஒரு உலகம் அதற்குத் தெரியும். இரண்டாவது மாற்றம் தோற்றால் முதலாவதைக் கையால் திருப்ப வேண்டும். ஆனால் இதற்கு ரெஃப் வரை போக வேண்டியதில்லை. சேர்ந்து மாற வேண்டியவற்றை ஒரே ஆட்டத்துக்குள் ஒரே மேப்பில் வைத்துவிட்டால் போதும். இருக்கைகள் ஒரு கீயில், வாலெட்கள் இன்னொரு கீயில். ஒரே ஃபங்ஷன் இருக்கை காலியா, பணம் இருக்கிறதா என்று இரண்டையும் பார்த்து, இரண்டையும் மாற்றிய மேப்பைத் தரும். பெரிய மேப் என்றால் ஒவ்வொரு முறையும் பிரதி எடுக்க வேண்டுமே என்ற பயம் தேவையில்லை. க்ளோஜரின் மேப்கள் ஃபில் பேக்வெல் வடிவமைத்த ட்ரை என்ற மர அமைப்பிலிருந்து வந்தவை, ஒவ்வொரு கணுவிலும் 32 கிளைகள். 32-ஐ நான்கு முறை பெருக்கினால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். அத்தனை கீ உள்ள மேப்பிலும் ஒரு மாற்றத்துக்குப் புதிதாக எழுதப்படுவது சில கணுக்கள்தான். மிச்சம் எல்லாம் பழைய மேப்போடு பகிர்ந்துகொள்ளப்படும்.

படிப்பவருக்கும் இதில் ஒரு பெரிய வசதி. ஆட்டத்தை ஒரு முறை படித்தால் முழு உலகமும் ஒரே கணத்து நிலையில் கையில் இருக்கும். அறிக்கை எடுக்க, கணக்குச் சரிபார்க்க, வேறு எதுவும் செய்ய வேண்டாம். பல ரெஃப்களாகப் பிரித்து வைத்தால் இது இப்படிச் சும்மா கிடைக்காது.

ரெஃப்

ரெஃப்கள் டிரான்சாக்‌ஷனுக்குள் மாறுபவை. டூசிங்க் என்ற வளையத்துக்குள் எத்தனை ரெஃப்களை வேண்டுமானாலும் ஆல்டர் செய்யலாம். எல்லாம் சேர்ந்து நடக்கும், அல்லது எதுவும் நடக்காது. இதுதான் சாஃப்ட்வேர் டிரான்சாக்‌ஷனல் மெமரி. ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனும் தான் தொடங்கிய கணத்தின் ஸ்னாப்ஷாட்டைப் பார்க்கிறது. மோதல் வந்தால் ஒன்று பின்வாங்கி, தொடக்கத்திலிருந்து மறுபடி ஓடும். ஆட்டத்தில் ஃபங்ஷன் மட்டும் மறுபடி ஓடியது. இங்கே டூசிங்க்குக்குள் இருக்கும் எல்லா வரிகளும் மறுபடி ஓடும். 10,000 முறை முயன்றும் முடியாவிட்டால் எக்ஸெப்ஷன் எறிந்துவிடும். ஆட்டத்தில் இல்லாத ஒரு நியாயம் இதில் உண்டு: முன்னே தொடங்கி 10 மில்லிநொடிக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் டிரான்சாக்‌ஷன், பின்னே வந்ததைத் தள்ளிவிட்டு முன்னேறலாம்.

ரெஃப் எதற்காகப் பிறந்தது என்பதைக் காட்ட ஹிக்கியே எழுதிய எறும்புக் கூட்ட நிரல் மிகச் சிறந்த சான்று. 80-க்கு 80 கட்டங்கள், ஒவ்வொரு கட்டமும் ஒரு ரெஃப், ஆக 6,400 ரெஃப்கள். 49 எறும்புகள், ஒவ்வொன்றும் ஒரு ஏஜென்ட். ஒரு எறும்பு நகரும்போது அது இருந்த கட்டமும் போகும் கட்டமும் சேர்ந்து மாற வேண்டும். வேறு மூலையில் நகரும் எறும்போடு அதற்கு மோதலே இல்லை. திரையில் வரையும் திரெட், ஒரே டிரான்சாக்‌ஷனில் 6,400 கட்டங்களையும் படித்துவிடுகிறது. எறும்புகளை நிறுத்தச் சொல்வதில்லை. இதையே ஒரே ஆட்டத்தில் வைத்திருந்தால் எங்கோ இருக்கும் இரண்டு எறும்புகளும் ஒன்றையொன்று தோற்கடித்துக்கொண்டே இருக்கும். மாற்றங்கள் பரவலாக, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று இடங்களை மட்டும் தொட்டு, எந்த இரண்டு இடங்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியாமல் இருந்தால் ரெஃப்புக்கு நிகர் இல்லை.

ஆனால் அதன் விலையைத் தெரிந்துதான் வாங்க வேண்டும். இரண்டு ரெஃப்களை டூசிங்க்குக்கு வெளியே அடுத்தடுத்துப் படித்தால், அவை ஒரே கணத்தவை என்ற உத்தரவாதம் இல்லை. எழுதுபவர் மட்டும் டிரான்சாக்‌ஷனில் இருந்தால் போதும், படிப்பவர் சும்மா படிக்கலாம் என்று நினைத்து எழுதிய அறிக்கைகளில் கூட்டுத்தொகை அவ்வப்போது தப்பாக வரும். எப்போதாவது மட்டும் வருவதால் கண்டுபிடிப்பது கடினம்.

அடுத்தது ரைட் ஸ்க்யூ. ஸ்னாப்ஷாட் முறை எழுத்துகளின் மோதலைத்தான் கவனிக்கும், படித்தவற்றைக் கவனிக்காது. ஒரு குடும்பத்துக்கு இரண்டு வாலெட்கள், ஒவ்வொன்றிலும் 500 ரூபாய். ஒன்று பூஜ்யத்துக்குக் கீழே போகலாம், ஆனால் இரண்டின் கூட்டுத்தொகை அப்படிப் போகக் கூடாது என்பது விதி. ஒரு டிரான்சாக்‌ஷன் இரண்டையும் படித்து, மொத்தம் 1,000 என்று கண்டு, முதல் வாலெட்டில் 800 கழிக்கிறது. அதே நேரத்தில் இன்னொன்று அதே 1,000-ஐக் கண்டு இரண்டாவது வாலெட்டில் 800 கழிக்கிறது. எழுதிய இடங்கள் வேறு வேறு, எனவே மோதல் இல்லை. இரண்டும் நிறைவேறும். மொத்தம் மைனஸ் 600. டிரான்சாக்‌ஷன் போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று நம்பியிருந்த விதி உடைந்துவிட்டது. படித்ததை மட்டும் நம்பி முடிவெடுக்கும் ரெஃப்பின் மேல் என்ஷ்யூர் போட்டால், இந்த டிரான்சாக்‌ஷன் முடியும் வரை வேறு யாரும் அதை மாற்ற முடியாது. நான் இன்னொன்றையும் யோசிப்பேன்: ஒரே விதியால் கட்டப்பட்ட இரண்டு மதிப்புகள் ஏன் இரண்டு ரெஃப்களில் இருக்கின்றன? குடும்பத்துக்கு ஒரு ரெஃப், உள்ளே இரண்டு வாலெட் என்று வைத்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

ஆல்டருக்கு மாற்றான கம்யூட் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் வசதி கண்ணுக்குத் தெரிகிறது, ஆபத்து தெரிவதில்லை. எல்லாப் பதிவுகளும் நிறுவனத்தின் மொத்த வசூல் என்ற ஒரே ரெஃப்பைத் தொட்டால் எல்லா டிரான்சாக்‌ஷன்களும் அங்கே மோதும். கூட்டல் எந்த வரிசையில் நடந்தாலும் விடை ஒன்றே என்பதால், ஆல்டருக்குப் பதில் கம்யூட் போடலாம். அது டிரான்சாக்‌ஷனுக்குள் ஒரு முறை ஓடும். நிறைவேறும் கணத்தில் அப்போதைய புதிய மதிப்பின் மேல் மறுபடி ஒரு முறை ஓடும். மோதல் குறையும். ஆனால் உள்ளே அது தந்த விடை இறுதி விடை அல்ல. டிக்கெட் எண்ணைக் கம்யூட்டால் கூட்டினால், இரண்டு டிரான்சாக்‌ஷன்களும் உள்ளே 101 என்று பார்த்து, இரண்டு டிக்கெட்டிலும் 101 என்று எழுதிவிடும். கவுண்ட்டர் மட்டும் சரியாக 102-ல் நிற்கும்! கூட்டிய விடையை உடனே பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் ஆல்டர்தான். கம்யூட், பிறகு யாராவது படிக்கப்போகும் மொத்தக் கணக்குகளுக்கு மட்டும்.

டூசிங்க்குக்குள் ஆட்டத்தை ஸ்வாப் செய்வதும் தவறான இடம். டிரான்சாக்‌ஷன் பின்வாங்கினாலும் ஆட்டத்தின் மாற்றம் திரும்பாது. மறுபடி ஓடும்போது மறுபடி மாறும். வெளியுலக வேலைகளைச் சுற்றி ஐஓ என்ற மேக்ரோவைப் போட்டு வைத்தால், அந்த நிரல் டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடும்போது எக்ஸெப்ஷன் எறிந்து காப்பாற்றும். ஆனால் அதை நீங்கள்தான் நினைவாகப் போட வேண்டும்; மொழி தானாகப் பிடிக்காது.

ஏஜென்ட்

ஏஜென்ட்டுக்கு ஃபங்ஷனை அனுப்பிவிட்டு உங்கள் திரெட் திரும்பிவிடும். ஃபங்ஷன் வரிசையில் நின்று, வேறொரு திரெட்டில் ஓடும். ஒரு ஏஜென்ட்டுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஃபங்ஷன்தான், ஒரு திரெட் அனுப்பியவை அனுப்பிய வரிசையிலேயே ஓடும். கம்பேர்-அண்ட்-செட் மோதல் இங்கே இல்லை, எனவே மறு ஓட்டமும் இல்லை. எஸ்எம்எஸ் அனுப்புவது, கோப்பில் எழுதுவது போன்றவற்றுக்கு இதுவே இயல்பான இடம்.

இதன் மிக அழகான குணம் டிரான்சாக்‌ஷனோடு சேரும்போது தெரியும். டூசிங்க்குக்குள் ஏஜென்ட்டுக்கு அனுப்பினால், அந்த அனுப்புதல் டிரான்சாக்‌ஷன் நிறைவேறும் வரை பிடித்து வைக்கப்படும். ஐந்து முறை பின்வாங்கி ஆறாவது முறை வென்றால், ஒரே ஒரு செய்திதான் போகும். ரெஃப்பும் ஏஜென்ட்டும் ஒன்றுக்காக ஒன்று வடிவமைக்கப்பட்டவை என்பதற்கு இதுவே அடையாளம். ஆட்டத்தின் ஸ்வாப்புக்கு இந்தச் சலுகை கிடையாது. அதற்குள் அனுப்பினால் ஒவ்வொரு ஓட்டத்திலும் போய்விடும்.

செண்ட், செண்ட்-ஆஃப் இரண்டில் எது என்பது சின்ன விஷயம்போல் தோன்றும். செண்ட் பயன்படுத்தும் திரெட் தொகுப்பு நிலையானது, ப்ராசஸர் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டிய அளவு. நான்கு கோர் இயந்திரத்தில் ஆறு திரெட்கள். எஸ்எம்எஸ் கேட்வே பதில் தராமல் இழுத்தால் ஆறும் மாட்டிக்கொள்ளும், அதே தொகுப்பை நம்பியிருக்கும் மற்ற எல்லா ஏஜென்ட்களும் நின்றுவிடும். நெட்வொர்க், டிஸ்க் எதையாவது தொட்டால் செண்ட்-ஆஃப். அதில் திரெட் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. வரம்பு வேண்டுமென்றால் 1.5 முதல் இருக்கும் செண்ட்-வயாவில் உங்கள் சொந்தத் திரெட் தொகுப்பைக் கொடுக்கலாம்.

குறைகள் மூன்று, லேசானவை அல்ல. ஏஜென்ட்டின் வரிசைக்கு எல்லை இல்லை. வரும் வேகம் முடிக்கும் வேகத்தை மிஞ்சினால் மெமரி நிரம்பும் வரை நிரம்பிக்கொண்டே போகும், அனுப்புபவருக்கு எதுவும் தெரியாது. ஃபங்ஷன் எக்ஸெப்ஷன் எறிந்தால், இயல்பு அமைப்பில் ஏஜென்ட் தோல்வி நிலைக்குப் போய்விடும், திரும்பத் தொடங்கச் சொல்லும் வரை ஓடாது; அதனால் உருவாக்கும்போதே பிழையைக் கையாளும் ஃபங்ஷனைக் கொடுத்துவிட வேண்டும். ப்ராசஸ் விழுந்தால் வரிசையில் இருந்தவை போய்விடும். கட்டணம் திருப்பித் தருவது போன்ற, போனால் போனதுதான் என்று விட முடியாத வேலையை நான் ஏஜென்ட்டை நம்பி வைக்க மாட்டேன்.

இருக்கை ஒதுக்குவதற்கும் ஏஜென்ட் ஒத்துவராது. கேட்டவர் திரையின் முன் விடைக்காக நிற்கிறார். அனுப்பிவிட்டு முடியும் வரை காத்திருப்பது, ஆட்டத்தில் நேராகச் செய்ததைச் சுற்றிவந்து செய்வதே.

ஜாவா தரும் மாற்று

க்ளோஜர், ஜாவா நிரல்களை ஓட்டும் ஜேவிஎம்மில் ஓடுவதால் ஜாவாவின் கன்கரன்ட்ஹேஷ்மேப் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதன் கம்ப்யூட், கொடுத்த ஃபங்ஷனை அந்தக் கீக்கு லாக் போட்டு ஒரே முறை ஓட்டும். மறு ஓட்டமே கூடாது, கீகள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை, கீ எண்ணிக்கை மிக அதிகம் என்றால் இது நல்ல தேர்வு. ஃபங்ஷன் சுருக்கமாக இருக்க வேண்டும், அதே மேப்பின் வேறு கீயைத் தொடக் கூடாது. இழப்பது முழு மேப்பின் ஒரே கணத்து நிலையை. அதைக் கேட்க வழியில்லை. வாலடைல் என்ற இன்னொரு க்ளோஜர் கருவி 1.7-ல் வந்தது, டிரான்ஸ்ட்யூசர்களின் (தரவை மாற்றும் படிகளைக் கோக்கும் வசதி) உள்வேலைக்காக. அதன் விஸ்வாப், பெயரில் ஸ்வாப் இருந்தாலும், பல திரெட்களுக்குப் பாதுகாப்பானது அல்ல. பகிரும் நிலைக்கு அதைத் தொட வேண்டாம்.

வேறு மொழிகளில்

ஹாஸ்கெல்லில் 2005-ல் ஜிஹெச்சி கம்பைலர் 6.4-ஓடு வந்த டிரான்சாக்‌ஷனல் மெமரி, இந்த விஷயத்தில் க்ளோஜரைவிட ஒரு படி மேலே நிற்கிறது என்பேன். டிரான்சாக்‌ஷனுக்குள் எஸ்எம்எஸ் அனுப்பும் நிரலை எழுதினால் அது கம்பைலே ஆகாது. டைப் அமைப்பு தடுத்துவிடும். இருக்கை காலியாகும் வரை காத்திரு என்று ரீட்ரை மூலம் சொல்லவும் முடியும். படித்த மதிப்புகளில் ஏதாவது மாறியதும் தானாக எழுந்து மறுபடி ஓடும். க்ளோஜரில் அதற்கு இணை இல்லை.

எலிக்ஸரின் ஏஜென்ட் பெயரில் மட்டும் ஒன்று, வழி வேறு: மதிப்பைப் படிக்கக்கூட அதை வைத்திருக்கும் ப்ராசஸுக்குச் செய்தி அனுப்ப வேண்டும், இயல்பாக ஐந்து நொடி வரை காத்திருக்கும். அங்கேயும் முதலில் கெட், பிறகு அப்டேட் என்று எழுதினால் நாம் பார்த்த அதே காலி இருக்கைப் பிழை வரும். கெட்-அண்ட்-அப்டேட் என்று ஒரே அழைப்பில் எழுத வேண்டும்.

முன்பதிவு சர்வருக்கு என் தேர்வு

ஒரே ஆட்டம். உள்ளே ஒரு மேப், அதில் பேருந்துகளும் வாலெட்களும். பதிவு செய்யும் ஃபங்ஷன் தூயது, வெளியே எதையும் தொடாது, தனியாகச் சோதிக்கலாம். ஸ்வாப்-வேல்ஸ் தரும் ஜோடியைப் பார்த்து வெற்றி என்றால் எஸ்எம்எஸ் ஏஜென்ட்டுக்கு செண்ட்-ஆஃப். ஃபங்ஷன் மேப்பில் இரண்டு மூன்று கீகளை மாற்றுவது மட்டுமே என்பதால் மோதல் வந்தாலும் மறு ஓட்டம் மலிவு. லேஸி சீக்வென்ஸ் (கேட்கும்போதுதான் கணக்கிடப்படும் பட்டியல்) எதையும் அந்த மேப்புக்குள் விட மாட்டேன். பட்டியலின் ஒவ்வொரு உறுப்பின் மேலும் ஃபங்ஷனை ஓட்டும் மேப் என்ற கட்டளைக்குப் பதில், உடனே கணக்கிட்டுவிடும் மேப்வி. இல்லாவிட்டால் கணக்கு ஸ்வாப்பில் நடக்காமல், பிறகு படிக்கும் ஏதோ ஒரு திரெட்டின் தலையில் விழும், சில நேரம் அடுக்கடுக்காகச் சேர்ந்து ஸ்டாக் நிரம்பியும் போகும்.

மோதல் உண்மையிலேயே பிரச்சினையா என்று அளப்பதும் எளிது. ஃபங்ஷனின் முதல் வரியில் ஒரு அட்டாமிக்லாங் கவுண்ட்டரைக் கூட்டுங்கள், முடிந்த ஸ்வாப்களை வெளியே இன்னொன்றில் கூட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வீணான ஓட்டங்கள். சோதனையில் மோதலை வரவழைக்க, ஃபங்ஷனுக்குள் தற்காலிகமாக ஒரு மில்லிநொடி தூக்கம் போட்டு, கோர்களைவிட இரண்டு மடங்கு திரெட்களை விட்டுப் பாருங்கள். முடிவில் எல்லா வாலெட்களின் தொகையும் விற்ற இருக்கைகளின் தொகையும் சேர்ந்து தொடக்கத் தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும்.

அளந்த பிறகு வீணான ஓட்டம் அதிகம் என்று தெரிந்தால், பேருந்துக்கு ஒரு ஆட்டம் என்று பிரிக்கத் தோன்றும். பேருந்துகளுக்குள் மட்டும் விதிகள் இருந்தால் அது போதும். ஆனால் வாலெட் எல்லாப் பேருந்துகளுக்கும் பொது. ஒரு பயணி இரண்டு பேருந்துகளில் ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். பிரித்த கோட்டைத் தாண்டி ஒரு விதி ஓடுகிறது. அந்த நிலையில்தான் ரெஃப்: பேருந்துக்கு ஒன்று, வாலெட்டுக்கு ஒன்று, பதிவுக்கு ஒரு டூசிங்க். வசூல் மொத்தத்துக்கு கம்யூட், டிக்கெட் எண்ணுக்கு ஆல்டர், அறிக்கைகள் டூசிங்க்குக்குள். க்ளோஜர் நிரல்களைப் படித்தால் ஆட்டம் எங்கும் தென்படும், ரெஃப் அரிதாகவே தென்படும். நிறையப் பேர் இந்தக் கட்டத்துக்கு வருவதே இல்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன், ரெஃப்பின் குறை அல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. ஆட்டம், ரெஃப் எல்லாமே ஒரு ப்ராசஸின் மெமரிக்குள் மட்டும்தான். சர்வரை மறுபடி தொடங்கினால் பதிவுகள் போய்விடும். இரண்டாவது சர்வரைச் சேர்த்தால் அதற்கு வேறு ஆட்டம். உண்மையான பணம் புழங்கும் முன்பதிவுக்கு நிலை டேட்டாபேஸில்தான் இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில், 2011-ல் வந்த 9.1 முதல், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததுபோல் விடை தரும் சீரியலைசபிள் நிலையைத் தேர்ந்தால் ரைட் ஸ்க்யூவையும் அதுவே கண்டுபிடித்து ஒன்றைத் தள்ளிவிடும். தள்ளப்பட்டதை மறுபடி ஓட்டுவது உங்கள் பொறுப்பு. அல்லது அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் வெர்ஷன் என்ற ஒரு நெடுவரிசை வைக்கலாம்: படித்தபோது 7, எழுதும்போது இன்னும் 7 என்றால் மட்டும் மாற்றி 8 ஆக்கு. மாறிய வரிகள் பூஜ்யம் என்று பதில் வந்தால், மறுபடி படித்து, அதே தூய ஃபங்ஷனை மறுபடி ஓட்டு. ஸ்வாப்புக்குள் இருந்த பதிவு ஃபங்ஷனை ஒரு எழுத்துகூட மாற்றாமல் இங்கே எடுத்துவரலாம். எஸ்எம்எஸ்ஸுக்கு, அதே டிரான்சாக்‌ஷனில் அனுப்ப வேண்டியவை என்ற அட்டவணையில் ஒரு வரி எழுதிவிட்டு, தனி ப்ராசஸ் ஒன்று அதைப் படித்து அனுப்பிக் குறித்துக்கொள்ள வேண்டும். அனுப்பியதற்கும் குறிப்பதற்கும் நடுவில் அந்த ப்ராசஸ் விழுந்தால் இரண்டாவது எஸ்எம்எஸ் போகலாம் என்பதால், ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, திரும்ப வந்ததைத் தள்ளிவிடும் கேட்வேயாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.